முன்குரல்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க கண்ணு. நான் கரூர்ல எறங்கிருவேன், உங்களுக்குத்தான் திருச்சி வரைக்கும் போகோணும். இந்தப் பையை மட்டும் காலுக்கிட்ட வெச்சுக்கறேன். பாத்து, மிதிச்சுப்போடாதீங்க, உள்ள ஒப்புட்டு, அதான் போளி, இருக்குது. பதினாறு. இல்ல, பதினஞ்சு. ஈரோட்டு ஸ்டேஷன்ல படபடப்புல ஒண்ணைத் தின்னுபோட்டேன்.

விசேஷமாங்கறீங்களா? விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வேலையாப் போறேன். ஒருத்தரைப் பேட்டி எடுக்கோணும், எங்க குழு சார்பா. சேலை புதுசுதான். வர்ற தீபாவளிக்கு எடுத்தது. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது, சரி, கட்டிப் பாத்தா என்னன்னு கட்டிட்டு வந்துட்டேன். மத்தபடி இது ஆவணப் பணிதானுங்க. ஆவணம்னதும் பத்திரம்னு நெனைச்சுக்காதீங்க. அந்த ஆவணத்தை நான் அந்தியூர்ல தாலுக்காபீசுக்கு எதுத்தாப்புல உக்காந்து முப்பது வருஷமா டைப் அடிக்கறேன். மரகதம் டைப்பிங் அண்ட் ஜெராக்ஸ்னு பச்சை எழுத்துல போர்டு இருக்கும். மனு, வாடகை ஒப்பந்தம், வாரிசு சர்டிபிகேட்டு விண்ணப்பம், எல்லாம் ஆளுங்க சொல்லச் சொல்ல அடிப்பேன். முப்பது வருஷத்துல என்ற கையில ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லீங்க. ஒரு தாசில்தாரே அதைச் சொல்லியிருக்கறாரு. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நான் சொல்றது வேற ஆவணம். "சாவி யாரிடம்" பாத்திருக்கறீங்களா? பாத்திருக்க முடியாதுங்க. யாருமே பாத்ததில்ல. விஷயமே அதுதான்.

ரெண்டாயிரத்து ரெண்டுல ஒரு சேனல் வந்துச்சு. வந்த வேகத்துல போயும் போச்சு. பேரெல்லாம் எதுக்கு, இப்ப அது இல்ல. அதுல ஒரு மாசம் முழுக்க ஒரு விளம்பரம் போட்டாங்க. ஒரு மாமியார்க்காரி கெணத்துமேட்டுல நிக்கறா. இடுப்புல இருந்து சாவிக்கொத்து நழுவிக் கெணத்துல விழுகுது. தண்ணிச் சத்தம். மருமக திரும்பிப் பாக்கறா. உடனே ஒரு குரல், "சாவி யாரிடம்? விரைவில்." அவ்வளவுதானுங்க. சாவி கெணத்துல விழுந்ததை நாமளே பாத்தோம், அப்புறம் எப்படி யாருகிட்டயோ இருக்கும்? யோசிச்சு யோசிச்சுத் தூக்கம் போச்சு. அதே மாசம் என்னையும் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டுப் போனாங்க, சத்தியமங்கலத்துக்காரங்க. அவங்களும் விரைவில் சொல்றோம்னுதான் போனாங்க. நாடகமும் வரல, அவங்களும் வரல. சிரிக்கலாம் கண்ணு, தப்பில்ல. நானே சிரிச்சுட்டுத்தானே சொல்றேன்.

இருபது வருஷம் ஆச்சு. அண்ணன் வீட்டுலயே இருந்துட்டேன், கடை ஆச்சு, நானாச்சுன்னு. ஒரு நாள் போன்ல எதையோ தேடப்போயி எதுவோ வந்துச்சு பாருங்க, கெணத்துமேடு. அதே மாமியார்க்காரி. நாலு நிமிச வீடியோ. கீழ ஒருத்தர் எழுதியிருக்கறாரு: இந்த நாடகம் யாருக்காச்சும் ஞாபகம் இருக்குதான்னு. வேலூர்க்காரர், சாதிக் பாய்னு பேரு, பழைய சாமான் எடுத்து விக்கறவரு. மெட்ராஸ்ல ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவைக் காலி பண்றப்ப டேப்பெல்லாம் மூட்டையா வந்திருக்குது. பிளாஸ்டிக் டப்பாவுக்காகத்தான் எடுத்தாராம். மேல ஒட்டியிருந்த சீட்டுல "சாவி யாரிடம்"னு பாத்ததும் மனுசன் அப்படியே உக்காந்துட்டாராம். அவரும் அந்த விளம்பரத்தைப் பாத்தவரு. முப்பத்தொம்பது எபிசோடு, முழுசா எடுத்து வெச்சு, ஒண்ணுகூட வெளிய வராம.

நான் கீழ எழுதினேன்: எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. எனக்குக் கீழ எழுபது பேரு எழுதிட்டாங்க. எல்லாரும் என்னாட்டவே. துபாய்ல ஒரு நர்சு, சிவகாசியில ஒரு அச்சாபீஸ்காரரு, ஓசூர்ல ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர். கெணத்துல விழுந்த சாவியை இருபது வருஷமா மனசுல தேடிட்டிருந்தவங்க. ஒரு குழு ஆரம்பிச்சோம், சாவி தேடுவோர் சங்கம்னு. இப்ப எரநூத்துப் பன்னெண்டு பேரு. தஞ்சாவூர்ல ஒரு கல்யாண வீடியோக்காரர்கிட்ட அந்தக் காலத்து டேப்பை ஓட்டற மெசின் இருந்துச்சு. பூஞ்சை புடிச்ச டேப்பையெல்லாம் ஒரு மாசம் தொடைச்சுத் தொடைச்சு ஒவ்வொண்ணாக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. அதுல ரெண்டு டேப்பு போயே போச்சு. அந்த ரெண்டுக்கும் நாங்க ஒரு நாள் துக்கம் இருந்தோம். குழுவுல யாரும் காலை வணக்கம்கூடப் போடலீங்க.

இதுல என்ற வேலை என்னன்னா வசனத்தை எழுத்தாக்கறது. காது கேக்காதவங்களும் பாக்கோணும்ல. முப்பத்தேழு எபிசோடும் நான்தான். கடையில கூட்டம் இல்லாத நேரத்துல காதுல மாட்டிக்குவேன், கை பாட்டுக்கு அடிக்கும்.

முதல் டேப்பைப் போட்டேன். மருமக சமையக்கட்டுல நிக்கறா, கண்ணு ரெண்டும் கொளமாட்ட. வாய் தெறக்கல. ஆனா வசனம் கேக்குது. ஆம்பளைக் குரல். "அத்தை, சாவியை நான் எடுக்கல." உடனே அவ சொல்றா, "அத்தே, ஷாவியை நான் எடுக்கலே." எனக்கு ஒண்ணும் புரியல. மாமியார் சொல்றதுக்கு முன்னாடியும் அதே ஆம்பளைக் குரல், "நீ எடுக்காம பேயா எடுத்துச்சு?" உடனே மாமியார், "நீ எடுக்காம பேயா எடுத்துச்சு?" சின்னக் கொழந்தைக்கும் அவருதான் சொல்றாரு, "அம்மா, எனக்குப் பசிக்குது."

சாதிக் பாய்தான் வெளக்கினாரு. நாடகம் எடுக்கறப்ப கேமராவுக்குப் பின்னாடி ஒருத்தரு வசனத்தைப் படிப்பாராம், நடிக்கறவங்க அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வாங்களாம். ப்ராம்ப்டிங்னு பேரு. கதாநாயகி பம்பாய்ப் பொண்ணு, தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. அப்புறம் டப்பிங்ல புதுசாக் குரல் குடுத்து இவரு சத்தத்தை எடுத்துருவாங்க. இந்த நாடகம் டப்பிங் வரைக்கும் போகவேயில்ல. அதனால குரல் அப்படியே நின்னுபோச்சு.

முதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சுங்க. எல்லாமே ரெண்டு தடவை. நாலாவது எபிசோடுல பழகிப்போச்சு. எட்டாவதுல, நெசத்தைச் சொல்றேன், அந்தப் பொண்ணு சொல்றதைக் காதுல வாங்கறதையே விட்டுட்டேன். எழுதறதெல்லாம் அவரு சொல்றதைத்தான். உச்சரிப்பு சுத்தமா இருக்கோணும்ல, அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல.

கண்ணு, அந்தக் குரலு நடிக்கறதே இல்லீங்க. மொட்டையா, அவசரமா, தபால்காரரு பேரைக் கூப்பிடற மாதிரி வசனத்தைச் சொல்லும். நடுவுல மட்டும் சின்னச் சின்னதா ஏதாச்சும் வரும். "திரும்புங்க." "மூச்சு விட்டுக்குங்க." அந்தப் பொண்ணு தப்பாச் சொன்னா, "பரவால்ல, மெதுவா." ஒரு தடவைகூடக் கோவமே இல்ல. இயக்குநரு கத்தறாரு, கேமராக்காரரு கத்தறாரு, இவரு மட்டும் "பரவால்ல, மெதுவா." முப்பத்தேழு எபிசோடுல எத்தனை "பரவால்ல"ன்னு நான் எண்ணியிருக்கறேன். நானூத்திப் பத்து. ஒரு ஆளுகிட்ட இருந்து நானூத்திப் பத்துப் பரவால்ல. எங்க அண்ணன்கிட்ட இருந்து அம்பது வருஷத்துல மூணு வந்திருக்கும்.

இருபத்தி மூணாவது எபிசோடுல புருசன் செத்த சேதி வரோணும். அந்தப் பொண்ணுக்கு அழுகை வரல. இவரு சொல்றாரு, "இனிமே இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்காங்க?" சொல்றப்ப இவரு குரலு கம்மிப்போச்சு. அவரே எதிர்பாக்கல போல. தொண்டையைச் செருமிட்டு, "பரவால்ல, மறுபடி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. நான் கடையில உக்காந்து அழுதேன். ஜாதிச் சான்றுக்கு மனு அடிக்க வந்த பெரியவரு பயந்துபோயி, ஏம்மா, நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டனான்னு கேட்டாரு.

இது எந்த ஊரு, ஊஞ்சலூரா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

இப்பத்தான் வில்லன் வர்றான். வில்லன்னா ஓசூர் ஜெரோமு. நல்ல பையன்தான், கெட்டிக்காரன், என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். அவன் ஒரு நாள் குழுவுல போடறான்: ஒரு சாப்ட்வேர் இருக்குது, அந்தப் பின்னாடி கேக்கற ஆம்பளைக் குரலை மட்டும் தனியா உருவி எடுத்துரலாம், நாடகம் பளிச்சுனு ஆயிரும்னு. சாம்பிளுக்கு முதல் எபிசோடை அனுப்பிவிட்டான். அந்தப் பைலுக்கு அவன் வெச்ச பேரு என்ன தெரியுங்களா? "இரைச்சல் நீக்கியது."

இரைச்சல்.

எனக்கு உச்சந்தலை காந்திப்போச்சு. குழுவுல எல்லாரும் கையெடுத்துக் கும்புடற படம், பூப் படம், சூப்பர் தம்பின்னு போடறாங்க. நான் உக்காந்து ரெண்டு பக்கத்துக்கு அடிச்சேன். நமக்குத் தெரிஞ்ச ஒரே வடிவம் மனுதானே. அனுப்புநர்: மரகதம், அந்தியூர். பெறுநர்: சாவி தேடுவோர் சங்கம். பொருள்: குரலை இரைச்சல் என்று இழிவுபடுத்தியது தொடர்பாக. ஐயா, வணக்கம். கிடைச்சது கிடைச்சபடி காப்பாத்தோணும்ங்கறது நம்ம சங்கத்து விதி. அந்த விதியை எழுதினதே நான்தானுங்க, இப்பவும் குழுவுல மேல ஒட்டி வெச்சிருக்கறாங்க. டேப்புல இருக்கற ஒரு இருமலைக்கூட எடுக்கற உரிமை நமக்கு இல்லை. பிற்காலத்துல ஆராய்ச்சி பண்றவங்க நம்மளைக் காறித் துப்புவாங்க. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. கீழ ஒரு குறிப்பும் போட்டேன்: இனிமேல் அந்தக் குரலை "முன்குரல்" என்று மட்டுமே குறிப்பிடவும்.

ஆமாங்க, அந்த வார்த்தை நான் வெச்சதுதான். முன்னாடி வர்றதனால முன்குரல். நல்லா இருக்குதுங்களா?

ஜெரோமு பதில் போட்டான், அக்கா, நாடகத்தைப் பாக்கறவங்களுக்கு நாடகம் வேணுமா, ப்ராம்ப்டர் வேணுமான்னு. எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம், அப்புறம் ஓட்டு எடுக்கலாம்னாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல குரலை உருவின எபிசோடைப் பாக்கறதுன்னு முடிவாச்சு. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல. தோத்துருவேன்னு தெரியும். எல்லாருக்கும் பளிச்சுனு இருந்தாப் புடிக்கும்ல. அதை எடுத்துட்டாங்கன்னா அப்புறம் உலகத்துல யாருக்கும் அந்தக் குரலு இல்ல.

ஓடுச்சு. பளிச்சுனுதான் இருந்துச்சு. மருமக சமையக்கட்டுல நிக்கறா, நிக்கறா, நின்னுட்டே இருக்கறா. சத்தமே இல்ல. யாரையோ பாக்கறா, எதையோ கேக்கறா, அப்புறம் பேசறா. மாமியாரும் அப்படியே. ஒரு வீடே பேய் புடிச்ச மாதிரி, எல்லாரும் காதைத் தீட்டிட்டு நிக்கறாங்க. அப்பத்தான், துபாய் நர்சு, அந்தப் புண்ணியவதி, குழுவுல டைப் பண்றா: "அத்தை, சாவியை நான் எடுக்கல." அதுக்கப்புறம்தான் படத்துல அந்தப் பொண்ணு சொல்லுது, "அத்தே, ஷாவியை." அடுத்த வசனத்துக்கு முன்னாடி சிவகாசிக்காரரு அடிக்கறாரு: "நீ எடுக்காம பேயா எடுத்துச்சு?" அடுத்ததுக்கு முப்பது பேரு. அதுக்கடுத்ததுக்கு நூறு பேரு. எல்லாருக்கும் மனப்பாடம். நடிக்கறவங்க வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடி நாங்க எரநூறு பேரும் எடுத்துக் குடுக்கறோம். நடுநடுவுல "பரவால்ல, மெதுவா", "பரவால்ல, மெதுவா"ன்னு வேற. நான் கடைக்குள்ள தனியா எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். ஜெரோமே அடிச்சான்: "மூச்சு விட்டுக்குங்க."

ஓட்டுல நூத்தி எண்பது பேரு முன்குரல் இருக்கோணும்னாங்க. ஏழு பேரு வேண்டாம்னாங்க. அந்த ஏழு பேரு யாருன்னு எனக்குத் தெரியும், அது கெடக்கட்டும்.

அதுக்கப்புறம் ஒரே பேச்சுத்தான், யாரு அந்த மனுசன்? டப்பிங் வரைக்கும்கூடப் போகலையே, கடைசியில பேரு போடறதெல்லாம் இல்ல. அந்தப் படப்பிடிப்புல இருந்த ரெண்டு மூணு பேரைப் புடிச்சுக் கேட்டாங்க. யாருக்கும் பேரு ஞாபகமில்ல. ஒருத்தரு மட்டும், கரூர்ப் பக்கத்துப் பையன், எல்லாரும் ப்ராம்ப்டர்னேதான் கூப்பிடுவோம்னாரு. தேடித் தேடிக் குழு ஓஞ்சுபோச்சு. நான் ஓயல. கடைக்கு வர்றவங்க எவராச்சும் கரூர்னாப் போதும், உங்க ஊருல வசனம் நல்லாச் சொல்றவங்க யாராச்சும் இருக்கறாங்களான்னு கேப்பேன். ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

போன மாசம், செவ்வாக்கெழமை, பதினோரு மணி இருக்கும். கடையில கூட்டம். வாடகை ஒப்பந்தம் ஓடிட்டிருக்குது. வெளிய ஒரு வேன்ல மைக் செட்டு சத்தம்: "கொசுவலை, கொசுவலை. கரூர் கொசுவலை. ஒரு ஆள் கட்டில், ரெண்டு ஆள் கட்டில். வாங்கம்மா, பாக்கறதுக்குக் காசு இல்ல. பரவால்ல, மெதுவா வந்து பாருங்க."

என்ற கை நின்னுபோச்சு.

பரவால்ல, மெதுவா. நானூத்திப் பத்துத் தடவை கேட்ட காதுங்க இது. நான் எந்திரிச்சு ஓடினேன். செருப்பு போடல. தாலுக்காபீஸ் வாசல்ல நிக்கற ஆளுங்க, போலீஸ்காரரு, டீக்கடைக்காரரு, அத்தனை பேரும் பாக்க, அம்பது வயசுப் பொம்பளை கொசுவலை வேனுக்குப் பின்னாடி ஓடறேன். வேன்காரன் கண்ணாடியில என்னைப் பாத்துட்டு, அம்மாவுக்கு ஏதோ அவசரம்னு நிறுத்தினான். எனக்கு மூச்சு வாங்குது. எத்தனை ஆள் கட்டிலும்மான்னான். எனக்கு வலை வேண்டாம் தம்பி, குரலு வேணும்னேன். அவன் பாவம், பயந்துட்டான். கரூர்ல ஒரு ரெகார்டிங் கடையில பென்டிரைவ்ல போட்டு வாங்கினதும்மா, நம்பர் இந்தாங்கன்னு குடுத்தான். சும்மா வரக்கூடாதுன்னு ரெண்டு கொசுவலை வாங்கினேன். ரெண்டு ஆள் கட்டிலுக்கு ஒண்ணு, ஒரு ஆள் கட்டிலுக்கு ஒண்ணு. அண்ணி கேட்டாங்க, ரெண்டு ஆள் கட்டில் யாருக்குங்கன்னு. தள்ளுபடின்னு சொல்லிட்டேன்.

கொடுமுடி தாண்டிட்டமா? தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

அந்த நம்பருக்கு நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டேன். எடுத்தது அவரேதான். "சொல்லுங்க"ன்னாரு. முப்பது வருஷமா ஊருக்கே மனு எழுதிக் குடுக்கறவளுக்கு ஒரு வார்த்தை வரல. அந்தப் பக்கம் இருந்து சொன்னாரு, "பரவால்ல, மெதுவாச் சொல்லுங்க." நான் போனை வெச்சுட்டேன். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வெச்சுட்டேன். மூணாவது தடவைதான் சொன்னேன்: நான் அந்தியூர் மரகதம், சாவி யாரிடம் நாடகம், நீங்க ப்ராம்ப்டருங்களா?

அவரு பேரு நாச்சிமுத்து. அம்பத்தாறு வயசு. அந்தச் சேனல் மூடினதும் சம்பளம் வராம ஊருக்கே வந்துட்டாராம், விளம்பரத்துக்குக் குரல் குடுக்கறாரு, கோயில் திருவிழா அறிவிப்பும் பண்றாராம். நாடகம் பத்திரமா இருக்குதுன்னதும் சந்தோசப்பட்டாரு. ஆனா சொன்னாரு, என்ற குரலு அதுல இருக்காதுங்களே, நம்ம குரலை எப்பவும் எடுத்துருவாங்க, அதுதானே வழக்கம்னு. எடுக்கலீங்க, எடுக்க விடலைங்கன்னு சொன்னேன். என்னமோ சொல்ல வந்து, நடுவுல தடுமாறினாரு. எனக்கே தைரியம் வந்து நான் சொன்னேன், பரவால்ல, மெதுவாச் சொல்லுங்கன்னு. சிரிச்சுட்டாரு.

குழுவுல சொன்னேன். திருவிழாதான். பேட்டி எடுத்து ஆவணத்துல சேக்கோணும்னாங்க. ஜெரோமு கேமராவோட நானும் வர்றேன் அக்கான்னான். அவனுக்குத் தேதி அனுப்பினேன். எட்டாம் தேதின்னு அடிக்கறதுக்குப் பதிலா பதினெட்டாம் தேதின்னு அடிச்சுபோட்டேன். ஒரு எழுத்துக் கூடிப்போச்சு. கைப்பிழைதானுங்க. யாருக்கும் வரும்ல. ஏன் சிரிக்கறீங்க?

இன்னிக்கு எட்டுதான். ஆமா.

இங்க பாருங்க, கேள்விகூடத் தயாராத்தான் இருக்குது. நாப்பத்திரண்டு கேள்வி, சுத்தமா அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கறேன். படிச்சுப் பாருங்க. எந்த வருஷம் தொழிலுக்கு வந்தீங்க, ஒரு நாளைக்கு எத்தனை சீன், தொண்டைக்கு என்ன சாப்பிடுவீங்க. குடும்ப விவரமெல்லாம் கேக்கல, அது ஆவணத்துக்குத் தேவையில்ல. கடைசியில நம்பர் மட்டும் இருக்குது, கேள்வி இல்லீங்களேங்கறீங்களா? நாப்பத்திரண்டா? இருங்க. அது வந்துங்க.

நீங்க குழுவுல இல்ல, திருச்சிக்குப் போறவங்க, அதனால சொல்றேன். முப்பத்தொண்ணாவது டேப்பு. சீன் முடிஞ்சுபோச்சு, கட்டுன்னாச்சு, கேமராவை நிறுத்த மறந்து கீழ வெச்சுட்டாங்க. படத்துல ஒரு நாற்காலிக் காலு மட்டும் தெரியுது. பதினோரு விநாடி. அதுல அவரு யாருகிட்டயோ பேசறாரு. படிக்கற குரலு இல்ல, அவரு குரலு. "சாப்ட்டியா?" கொஞ்சம் நிறுத்தி, "நீ வராம நானும் சாப்பிடல. வா." அவ்வளவுதான். முப்பத்தேழு எபிசோடுல அவரு சொன்ன எல்லாத்தையும் யாராச்சும் ஒருத்தரு திருப்பிச் சொல்லியிருக்கறாங்க. இதை மட்டும் யாரும் திருப்பிச் சொல்லல.

அந்தப் பதினோரு விநாடியை நான் வெட்டிட்டேன் கண்ணு. சீன் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு குறிக்கறதும் என்ற வேலை. நாற்காலிக் காலுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு குறிச்சுட்டேன். கிடைச்சது கிடைச்சபடிங்கறது சீனுக்குத்தானே? அது சீன் இல்லையே? இது சொந்த விஷயம், ஒரு மனுசனோட சொந்த விஷயத்தைப் போயி எரநூறு பேரு கேக்கறதா? அந்த நாகரிகத்துக்குத்தான் வெட்டினேன். தூக்கிப் போடல, என்ற போன்ல பத்திரமா இருக்குது. அப்பப்பக் கேப்பேன், டேப்பு நல்லா இருக்குதான்னு சரிபாக்க.

யாரைக் கேட்டாருன்னுதான் நாப்பத்திரண்டாவது கேள்வி. அடிச்சேன், அழிச்சேன். அடிச்சேன், அழிச்சேன். பொண்டாட்டியா இருக்கலாம். தங்கச்சியா இருக்கலாம். படப்பிடிப்பு எடத்துல சுத்தற நாயாக்கூட இருக்கலாம், நாயை யாரும் வா போன்னுதானே கூப்பிடுவாங்க? நாயா இருக்கோணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல.

புகலூர் போயிருச்சு. அடுத்தது கரூருங்களா? அடுத்ததேவா?

தலை கலைஞ்சிருக்குதுங்களா? நான் அவரு முகத்தைப் பாத்ததே இல்லீங்க. அவரும் என்னைப் பாத்ததில்ல. தண்ணிக் குழாய்க்கிட்ட நிக்கறேன்னாரு. ஊதாச் சட்டைன்னாரு. வண்டி மெதுவாகுது. ஐயோ, ஊதாச் சட்டையே நாலு பேரு போட்டிருக்கறாங்களே.

இருங்க. கேளுங்க. ஒரு வயசான பாட்டையாகிட்ட யாரோ சொல்றாங்க பாருங்க, திருச்சி வண்டி இதுதானுங்க, பாத்து, மெதுவா ஏறுங்கன்னு. கேட்டுச்சுங்களா? அது அவருதான். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். நடு வழுக்கை. நரைச்ச மீசை. கையில ஒரு சோத்துத் தூக்குப்போசி வேற வெச்சிருக்கறாரு.

கண்ணு, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நாப்பத்திரண்டும் மறந்துபோச்சு. முதல்ல என்ன சொல்லோணும்? நீங்க சொல்லுங்க. காதோரமா, மெதுவாச் சொல்லுங்க, நான் அப்படியே பின்னாடியே சொல்லிர்றேன். என்னங்க? அவ்வளவுதானா? ஒத்தை வார்த்தையா?

சரி. சாப்ட்டீங்களா. சத்தம் போதுங்களா? சாப்ட்டீங்களா. பையை எடுத்துட்டேன். செருப்பு போட்டுட்டேன். மூச்சு விட்டுக்கறேன். சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களா. வரேன் கண்ணு.

*

கண்ணு, கண்ணு, இங்க, ஜன்னல்ல. இந்தாங்க, ரெண்டு ஒப்புட்டு, வழியில சாப்பிடுங்க. கேட்டுட்டேனுங்க. தப்பில்லாமக் கேட்டுட்டேன். அவரு என்ன சொன்னாருங்கறீங்களா? நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாரு கண்ணு. "நீங்க சாப்ட்டீங்களா?"ன்னு. நான் முன்னாடி, அவரு பின்னாடி. அப்புறம் தூக்குப்போசியைக் காட்டிச் சொல்றாரு, "நீங்க வராம நானும் சாப்பிடலீங்க"ன்னு.

வண்டி நகருது, கையை உள்ள வெச்சுக்குங்க. எந்தக் காயிதம்? கேள்விக் காயிதமா? சீட்டுலயே விட்டுட்டு வந்துட்டனா? பரவால்லீங்க. அது இப்ப வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க.